நின்றுகொண்டு பார்க்கும் வேலை

'மேட் இன் பங்களாதேஷ்' படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை தனியாக, லேப்டாப்பில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. முடிந்ததும் கொஞ்சம் கண் கலங்கி, நண்பர்கள் நாலைந்து பேருக்கு "கட்டாயம் பாருங்க" என்று செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். இரண்டாம் முறை திருப்பூரில், சித்தியோடு. சித்திக்கு வங்காளம் தெரியாது, ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிப் படத்துக்கு மேல் அது தேவைப்படவில்லை. தையல் மிஷின் சத்தம் கேட்டாலே போதும், அங்கே என்ன நடக்கிறது என்று சித்தி எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சித்தி இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கைமடிக்கப் போனதுதான் முதல் வேலை. அப்புறம் பிசிர் வெட்டுவது, செக்கிங். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாத மிஷினில் உட்கார்ந்து வெட்டுத்துணியைத் தைத்துப் பழகி, ஓவர்லாக் டெய்லர் ஆனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

படத்தில் ஷிமு என்கிற அந்தப் பெண் சங்கம் வைப்பதற்காகக் கையெழுத்து வாங்கத் தொடங்கும் இடம். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பப் பாரு கண்ணு, இவளக் கூப்புட்டு சூப்பர்வைசர் வேலை குடுத்துப்போடுவாங்க."

கொடுக்கவில்லை. படம் வேறு வழியில் போய் முடிந்தது. சித்திக்கு அது சமாதானமாகவே இல்லை. "அப்ப அந்தக் கம்பெனிக்காரனுக்கு வெவரம் பத்தல" என்றாள்.

முதல் முறை பார்த்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இந்தப் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களைத் தேடித் தேடி வாசித்திருந்தேன்.

ருபையாத் ஹொசைன் இயக்கிய இந்தப் படம் 2019இல் வெளியானது. டாக்காவின் ஒரு சின்ன ஆடைத் தொழிற்சாலை. தீப்பிடிக்கிறது, ஒருத்தி சாகிறாள், கம்பெனியை மூடுகிறார்கள், சம்பளம் நிற்கிறது. தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் நசீமா அக்கா ஒரு பேட்டிக்காக ஷிமுவைப் பிடிக்கிறார். ஒரு நாளைக்கு அவள் கைவழியாகப் போகும் ஆயிரத்துச் சொச்சம் டீசர்ட்டுகளில் இரண்டு மூன்றை விற்றாலே அவளுடைய மாதச் சம்பளம் வந்துவிடும் என்ற கணக்கு அவள் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு சட்டப் புத்தகம், ரகசியக் கூட்டம், கையெழுத்து, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது. ரிகிதா நந்தினி ஷிமு நடித்திருக்கிறார். நெற்றியைச் சுருக்கி ஆளைப் பார்க்கும் அந்தப் பார்வை ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். உண்மையான ஒரு தொழிற்சங்கப் பெண்ணின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்ட கதை என்பதால் நாடகத்தனம் குறைவு. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை உலகமே பார்த்தது. அந்த இடிபாட்டைக் காட்டி நம்மைக் குற்றவுணர்வில் தள்ளுவது எந்த இயக்குநருக்கும் சுலபம். ருபையாத் அதைச் செய்யவில்லை. அவருக்கு முக்கியம் பெண்களின் தயக்கம்.

படத்தின் சிறந்த பகுதி அதுதான். கையெழுத்துப் போட ஒவ்வொருத்தியும் தயங்குகிறாள், ஒவ்வொருத்தியிடமும் ஒரு காரணம் இருக்கிறது. புருஷன், வாடகை, குழந்தை, ஊரில் காத்திருக்கும் கடன். ஷிமுவின் புருஷனுக்கு வேலை இல்லாதவரை அவள் வெளியே போவது அவனுக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்கு வேலை கிடைத்ததும் அது பிரச்சினை ஆகிறது. இந்தத் தயக்கங்களைப் படம் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. அவற்றைக் கணக்காகப் பார்க்கிறது. மாதக் கடைசியில் நோட்டில் கூட்டிக் கழிக்கும் கணக்கு மாதிரி.

ஆனால் சித்தி எதிர்பார்த்த அந்தக் காட்சி படத்தில் இல்லை. நாற்பது வருஷம் முந்தைய இன்னொரு படத்தில் இருக்கிறது.

மார்ட்டின் ரிட் இயக்கிய 'நார்மா ரே' 1979இல் வந்தது. அமெரிக்காவின் தெற்கில் ஒரு பஞ்சாலை. சாலி ஃபீல்டுக்கு ஆஸ்கர் வாங்கித்தந்த படம். மேசைமேல் ஏறி 'யூனியன்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப்பிடித்து அவர் நிற்கும் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். எனக்கு அதைவிட முக்கியம் அதற்கு வெகுமுன்னால், படத்தின் முதல் பாதியில் வரும் ஒரு சின்னப் பகுதி. நார்மா வாயாடி; எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பவள். அவளுடைய வாயை அடைக்க நிர்வாகம் கண்டுபிடித்த வழி பதவி உயர்வு. மற்றவர்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார்கள் என்று நேரம் பார்த்துக் குறிக்கும் வேலை, கூடுதல் சம்பளத்தோடு. அவளும் ஏற்றுக்கொள்கிறாள். அதன் பிறகு ஆலையில் அவளோடு யாரும் பேசுவதில்லை. அதே ஆலையில் வேலை செய்யும் அவளுடைய அப்பாவின் வேகத்தையும் அவள்தான் குறிக்க வேண்டும். சீக்கிரமே அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறாள்.

நார்மா தலைவி ஆவது அந்தத் திரும்பலில்தான் என்று நினைக்கிறேன். மேசைமேல் ஏறுவதெல்லாம் அதன் தொடர்ச்சி. மேலே போகிற படிக்கட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று ஏறிப் பார்த்தவள் அவள். ஷிமுவுக்கு அந்தப் படிக்கட்டே காட்டப்படவில்லை. அதனால்தான் அவள் எதை வேண்டாம் என்கிறாள் என்பது 'மேட் இன் பங்களாதேஷி'ல் முழுசாகத் தெரிவதில்லை.

சூப்பர்வைசர் வேலை என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு லைனில் முப்பது, நாற்பது மிஷின் இருக்கும். ஒருத்தி தோள் மூட்டுவாள், அடுத்தவள் கழுத்துப் பட்டி, அடுத்தவள் கை, கடைசியில் அடி மடிப்பு. மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எண் ஏறும். எங்காவது ஒருத்தி தண்ணி குடிக்க எழுந்தால் அவளுக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். எண் குறைந்தால் புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பது சூப்பர்வைசரைத்தான். அவரை பையிங் ஆபீஸ் கேட்கும், அவர்களைக் கடல் தாண்டி இருக்கும் பிராண்டு. மேலிருந்து வரும் அழுத்தம் பூராவும் மெயில், போன், மீட்டிங் என்று நாகரிகமாகத்தான் வரும். லைனுக்கு வரும்போது மட்டும் அது கெட்ட வார்த்தையாக மாறும். அப்படி மாற்றுவதுதான் சூப்பர்வைசருடைய உண்மையான வேலை. டார்கெட்டை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆளைக் கூட்டவோ சம்பளத்தை ஏற்றவோ முடியாது. அவர் கையில் இருப்பது குரல் மட்டும்.

சித்திக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவள் முடியாது என்றாள். எனக்கு அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். வீட்டில் எல்லோரும் திட்டினோம், நானும்தான். படிப்பில்லாதவங்களுக்குத் தைரியம் வராது என்று அவளிடம் ஏதோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. படம் பார்த்த அன்றைக்கு ராத்திரி ஏன் வேண்டாம்னு சொன்னே என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"டெய்லரா இருந்தா ஒன்றரை ஷிப்ட்டு பாத்து சனிக்கெழமை சம்பளம் வாங்குவேன். சூப்பர்வைசருக்கு மாசச் சம்பளம், ஓட்டி கெடையாது. கூட்டிப் பாத்தா நூறோ எரநூறோதான் எச்சு. கண்டெய்னர் போற நாளு ராத்திரி பன்னெண்டானாலும் நிக்கோணும். பஸ்ஸு ஆரு உடுவா? அதுல்லாம போவுட்டும்... எங்கூட டிபன் தின்னவளுகளையே போய் ஏண்டி போண்டின்னு கத்தோணும். கத்தலீன்னா என்னயக் கத்துவான். எதுக்கு?"

இதில் தைரியக் குறைவு எங்கே இருக்கிறது? சம்பளம், நேரம், பஸ், உறவு என்று நாலு பத்தியுள்ள ஒரு வரவுசெலவுக் கணக்கு இது. நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷத்துக்குப் பிறகு, ஒரு மகளிர் தினத்தன்று, எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி: "உங்களைத் தடுப்பது எது?" சரியான பதில் 'என் மனசு' என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழந்தைக் காப்பகம் மாலை ஆறரைக்கு மூடிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போனார்.

இந்த 'மனத்தடை' பேச்சு ஆடைத் தொழிற்சாலைக்குள்ளும் வந்து ரொம்ப நாளாகிறது. கேப் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'பேஸ்' என்ற பயிற்சித் திட்டம் இதில் புகழ்பெற்றது. பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, பிரச்சினையைத் தீர்ப்பது, மன அழுத்தத்தைக் கையாள்வது என்றெல்லாம் கற்றுத்தருவார்கள். கெட்ட விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. மிஷினை விட்டு எழுந்து வாரத்தில் சில மணி நேரம் ஒரு அறையில் உட்கார்ந்து பேச முடிவதே பெரிய விஷயம். பெங்களூரு தொழிற்சாலைகளில் இந்தத் திட்டத்தைப் பொருளாதார நிபுணர்கள் அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் மூவரும் ஆராய்ந்தார்கள். 2018இல் வந்த அவர்களது ஆய்வறிக்கையின்படி, பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட 20 சதவீதம் கூடியிருந்தது. கம்பெனிக்கு இந்த முதலீட்டில் கிடைத்த நிகர லாபம் எட்டே மாதத்தில் 250 சதவீதத்துக்கும் மேல்.

பெண்களின் சம்பளம் கூடியது 0.5 சதவீதம்.

அரை சதவீதம். நூறு ரூபாய்க்கு ஐம்பது காசு. நான் இந்த எண்ணை வாசித்த அன்று, எங்கோ புள்ளி தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி பார்த்தேன். தவறவில்லை. ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. உற்பத்திக்கும் கூலிக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் அவர்கள் பேசுகிறார்கள். 'வளர்ச்சி' நடந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. யாருடையது என்பதுதான் கேள்வி.

பங்களாதேஷில் மக்கியவெல்லோ, உட்ரஃப் முதலிய ஆய்வாளர்கள் செய்த இன்னொரு சோதனையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது. அங்கே தையல் தொழிலாளர்களில் ஐந்தில் நாலு பேர் பெண்கள், சூப்பர்வைசர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் பெண். 24 பெரிய தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர் ஆக்கிப் பார்த்தார்கள். முதலில் கீழே இருந்தவர்கள் இவர்களை ஆண் சூப்பர்வைசர்களைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அந்த வித்தியாசம் காணாமல்போனது. பெண்ணுக்கு முடியாது என்பது வெறும் பழக்கதோஷம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்த மாதங்களில் அவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள்? லைனை நடத்தவா, கத்தவா? அளவுகோல் உற்பத்தி மட்டும் என்றால் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

திருப்பூருக்கு மேலே ஏறும் கதைகள் புதிதில்லை. இந்த ஊரே அந்தக் கதையால் கட்டப்பட்டது. காட்டு வேலை பார்த்தவர் பனியன் கம்பெனியில் ஆளாகச் சேர்ந்து, மாஸ்டர் ஆகி, நாலு மிஷின் போட்டு, எக்ஸ்போர்ட்டர் ஆன கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 2004இல் ஒரு புத்தகமே எழுதினார். தொழிலாளிகளாக இருந்த கவுண்டர் விவசாயிகள் தங்கள் உழைப்பையே முதலாக்கி முதலாளிகள் ஆனதைப் பற்றிய ஆய்வு. தலைப்பு: 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்'. தமிழில் சகோதர மூலதனம் எனலாம், அண்ணன் தம்பி மூலதனம் என்றால் இன்னும் பொருத்தம். அக்கா தங்கைக்கு அதில் பங்கில்லை. இலக்கியத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' திருப்பூரைப் பற்றிய முக்கியமான நாவல், நான் மூன்று தடவை வாசித்தது. ஐந்து நண்பர்கள் ஊரோடு சேர்ந்து வளர்ந்து, சரிகிறார்கள். பெண்கள் வருகிறார்கள், நேசிக்கிறார்கள், வதைபடுகிறார்கள், ஆனால் ஏறுவதும் விழுவதும் ஆண்களுக்கு நடப்பது. ஒரு பெண்ணுக்கு சூப்பர்வைசர் வேலை கொடுக்கப்பட்டு, அவள் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, காலையில் போய் ஒரு பதில் சொல்கிற கதையை நான் தமிழில் வாசித்ததில்லை. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் என்ற சொற்களைப் பாருங்கள். கைமடிக்கும் பெண்ணுக்கு எத்தனை வருஷமானாலும் மாஸ்டர் என்ற பட்டம் வராது. அவள் 'கைமடிக்கிற புள்ள'தான், அறுபது வயதானாலும்.

நானும் ஒரு டீம் லீட் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அயோக்கியத்தனம். எட்டு பேர். போன வருஷம் மதிப்பீட்டில் ஒருவருக்காவது குறைந்த தரம் கொடுத்தாக வேண்டும் என்று மேலிருந்து வந்தது. யாருமே மோசமாக வேலை செய்யவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்த ஒருத்திக்குக் கொடுத்தேன். கணக்கில் அவள்தான் குறைந்த நாள் வேலை செய்திருந்தாள். அவளை வீடியோ அழைப்பில் உட்காரவைத்து, பயிற்சியில் கற்றுத்தந்தபடி முதலில் ஒரு பாராட்டு, நடுவில் விஷயம், கடைசியில் இன்னொரு பாராட்டு என்று சொல்லிமுடித்தேன். கத்தவில்லை. சித்தி அன்றைக்கே பார்த்துவிட்டதை நான் பதினைந்து வருஷம் கழித்து, ஏசி அறையில், நல்ல சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். அவள் வேண்டாம் என்றது இதைத்தான்.

ஆகவே பெண்கள் மேலே போகக்கூடாது என்று சொல்லவில்லை. லைனுக்குப் பின்னால் நடந்து நடந்து மேலே விழுகிற கையும் ரெட்டை அர்த்தப் பேச்சும் பெண் சூப்பர்வைசர் வந்தால் குறையும் என்று சித்தியே சொல்வாள். படத்திலும் ஷிமுவின் தோழி ஒருத்தி மேனேஜரோடு பழகி, கடைசியில் பழி முழுக்க அவள் தலையில் விழுகிறது. அந்தக் கதையை ருபையாத் இரண்டு மூன்று காட்சிகளில் கடந்துபோகிறார், ஆனால் மிக நேர்மையாக. அவளை மற்ற பெண்களே ஒதுக்குவதைக் காட்ட ஒரு பெண் இயக்குநருக்குத் துணிச்சல் வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். 2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் முதலிய அமைப்புகளும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் தனித்தனியே கையெழுத்திட்டன. அதில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு: ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். இவர்கள் மிஷினை விட்டு எழுந்துபோய் மேலே உட்காருவதில்லை. தைத்துக்கொண்டே, தன் லைனில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எவன் எங்கே கை வைக்கிறான் என்று பார்த்து, சங்கம் வழியாகவும் நிர்வாகத்திடமும் கொண்டுபோகிறார்கள். அதற்காக அவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

சூப்பர்வைசர் பார்ப்பது மேலிருந்து கீழே. இவர்கள் பார்ப்பது பக்கவாட்டிலும் மேலேயும். அதே லைன், அதே பெண், பார்க்கும் திசை மட்டும் வேறு. விசிட்டிங் கார்டில் போடும்படி இந்த வேலைக்குப் பெயர் எதுவும் இல்லை.

'மேட் இன் பங்களாதேஷ்' இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் ஷிமு அரசு அலுவலகத்துக்குள் போய், செல்போனில் பதிவுசெய்து வைத்திருந்த பேச்சைக் காட்டி அதிகாரியை மிரட்டுகிறாள். சங்கத்துக்குப் பதிவு கிடைத்துவிடுகிறது. முதல் முறை கைதட்டத் தோன்றியது. இரண்டாம் முறை அது ஒரு சாமர்த்தியமாக மட்டுமே தெரிந்தது. கையெழுத்துக்காக நூறு பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டிக் காட்டிய படம், முடிவை மட்டும் ஒருத்தியின் துணிச்சலில் கொண்டுபோய் வைக்கிறது. அந்த நூறு பேரும் கடைசிக் காட்சியில் இல்லை. மறுநாள் காலை அவள் மிஷினுக்கு வரும்போது சூப்பர்வைசர் அவளை எப்படிக் கூப்பிடுவான் என்பதுதான் நான் பார்க்க விரும்பிய காட்சி.

சித்தி அதைவிட நடைமுறையாகக் கேட்டாள். "பதிவு ஆயிப்போச்சு, சரி. நாளைக்கு இவளக் கொண்டுபோயி எந்த மிஷின்ல உக்கார வெப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டு, சரி, என்ன கொடுத்திருந்தால் அன்றைக்கு நீ சூப்பர்வைசர் ஆகியிருப்பாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பொழுதோடு ஏழு மணிக்கு வீட்டுக்கு விட்டுவிட வேண்டும். ஒரு மணிக்கு எத்தனை பீஸ் வரும் என்று அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆள் வராத நாளில் எண்ணைக் குறைத்து எழுத வேண்டும்.

"அப்பறம் அந்த நோட்டையும் பேனாவையும் எங்கையில குடுக்கோணும். அவனே எழுதிட்டு எங்கிட்டக் கையெழுத்து மட்டும் வாங்கப்படாது."

சொல்லிவிட்டு நாளைக்கு மாவு ஆட்ட அரிசி ஊறப்போடவில்லை என்று எழுந்து போனாள்.